பாலம்வரை தமிழ்

மழை எப்போது தொடங்கியது, எப்போது விடும் என்று ஒருவரும் கேட்டுக்கொள்ளாத கிரேத்வெல் என்ற இங்கிலாந்துச் சிற்றூரில், ஆற்றங்கரையில் கரிய கல்லால் கட்டப்பட்டு, வாசலில் மூன்று நாரைகள் வரைந்த பலகை தொங்கும் பப் என்ற மதுக்கடையில், ஒரு பின்னேரம், புதிதாகத் திறந்த பீப்பாயிலிருந்து வந்த ஏல் என்ற பியரில் முதல் மிடறை விழுங்கிவிட்டு, ஓய்வுபெற்ற பஸ் சாரதியான வில்ஃப் ஹாடன், "தம்பி, இது நல்லாய் விளைஞ்சு வந்திருக்கு" என்று தமிழில் சொன்னார்.

"ஓம் அண்ணை, அசையாமல் கிடக்கவிட்டனான்" என்றார் பப்பை நடத்தும் அருளம்பலம், கையிலிருந்த கிளாஸைத் துடைத்தபடியே.

"உந்தக் கதவை ஒருக்காச் சாத்திவிடு. கூதல் அடிக்குது."

அருளம்பலம் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான், இந்த அறைக்குள் தான் ஒருநாளும் தமிழில் ஒரு சொல் பேசியதில்லை என்பதும், வில்ஃப் பிறந்ததிலிருந்து இந்த ஆற்றைத் தாண்டி அதிக தூரம் போனதில்லை என்பதும் அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். வில்ஃப் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர் போலக் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கிறாய்? நரை மயிர் ஒண்டும் புதுசில்லையே" என்றார் வில்ஃப்.

அடுத்ததாகத் தபால் பையோடு நனைந்து வந்தாள் மொரீன். ஊருக்குக் கடிதம் கொண்டு போகிறவளும் பப்பில் அம்பெறிந்து விளையாடும் டார்ட்ஸ் குழுவுக்குத் தலைவியும் அவள்தான். நின்ற நிலையில் அரைக் கிளாஸை இறக்கிவிட்டு, "ஐயோ, காலெல்லாம் விறைச்சுப்போச்சு, அந்த மேட்டு வீட்டு நாய் இண்டைக்கும் என்னைக் கலைச்சது" என்றாள். வில்ஃப் "அந்த நாய்க்கு உன்ரை காலிலை என்ன அப்பிடி ஆசை?" என்று கேட்டார். இருவரும் சிரித்தார்கள். மழை யன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் இதில் அதிசயம் தெரியவில்லை. அருளம்பலத்துக்கு மட்டும் தெரிந்தது. அவர் பீப்பாய்களை அடுக்கியிருக்கும் நிலவறைக்கு இறங்கிப் போய், அந்தப் பீப்பாயின் மேல் காதை வைத்துப் பார்த்தார்.

அது மற்றவற்றைப் போன்ற ஒரு பீப்பாய்தான். அதே மதுச்சாலையிலிருந்து, அதே லொறியில், அதே கிழமையில் வந்தது. உள்ளே ஈஸ்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்க, மேலே குத்தியிருந்த மரமுளையின் ஓரத்தில் நுரை மெல்ல மெல்ல முனகியது. உயிருள்ள ஏலின் குணம் அது. பெரிய கடைகளில் விற்கும் பியரைப்போல் அந்த ஈஸ்டைக் கொன்று, வடிகட்டி, காற்றடைத்து, பற்கள் கூசும்படி குளிரவைத்து அனுப்புவதில்லை. அது பீப்பாய்க்குள் விளைந்து, நிலவறையின் இயல்பான தண்மையில் தெளிந்து, கைப்பம்பை இழுக்கிறவனின் தோள் வலியோடுதான் மேலே வரும். அருளம்பலம் சைவக் குடும்பத்துப் பிள்ளை. பெட்ரோல் நிரப்பும் செட்டில் வேலை செய்து, பிறகு சிறிய கடை வைத்து, கடைசியில் ஒருவரும் எடுக்க விரும்பாத இந்தப் பப்பைக் குத்தகைக்கு எடுத்தபோது அவருக்கு ஏலுக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் முதல் பீப்பாயைத் திறந்த அன்று, அந்த மூச்சும் நுரையும் புளிப்பும் கலந்த வாசத்தில், இளவயதில் ஒளித்துக் குடித்த பனங்கள்ளு அவருக்கு நினைவு வந்தது. இதுவும் அதைப்போல, இறக்கினால் குடித்துவிட வேண்டிய பொருள், காத்திருக்கத் தெரியாத பொருள் என்று அவருக்கு உடனே விளங்கியது. அதற்குப் பிறகு கடை பூட்டுமுன் தினமும் அரைக் கிளாஸ் குடிப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். முதலில் கருகாமல் வறுத்த தானியத்தின் இனிப்பு, பிறகு தோடம்பழத் தோலைக் கடித்தது போன்ற ஒரு வாசம், கடைசியில் வேப்பம்பூ வடகத்தின் கசப்பு. அந்தக் கசப்பு நாக்கைக் காயவைத்துவிட்டு, இன்னொரு மிடறு கேட்டு உட்கார்ந்திருக்கும். ஏலின் இன்பம் வெறியில் இல்லை, அடுத்த மிடறைத் தள்ளிப்போடுவதில்தான் இருக்கிறது என்று வில்ஃப் ஒருமுறை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார். வில்ஃப் ஆங்கிலத்தில் சொன்னதிலேயே அதுதான் நீளமான வாக்கியம்.

பீப்பாயின் குணத்தை ஊர் இரண்டொரு நாளில் அறிந்துகொண்டது. அரைக் கிளாஸ் குடித்தால் சந்தைத் தமிழ் வரும். மழை, விலை, முழங்கால் வலி பற்றிப் பேசலாம். முழுக் கிளாஸ் குடித்தால் சண்டை பிடிக்கலாம், ஒருவரைப் பற்றி மற்றவரிடம் குறை சொல்லலாம், அன்பாகவும் இருக்கலாம். பப் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஊர் முழுவதும் அந்தப் பக்கம். வீடு திரும்புகிறவர்கள் பாலத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது தமிழ் அவர்களை விட்டுப் போகும். பாலத்தின் இந்த முனையில் "அப்ப வரட்டே?" என்று கேட்ட ஒருவருக்கு, கூட நடந்தவர் நடுப்பாலத்தைத் தாண்டியபின் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, இருவரும் சற்றுக் கூச்சத்தோடு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பிரிவார்கள். என்ன பேசினோம் என்பது அவர்களுக்கு மறந்துபோகும். பேசினோம் என்பதும், பேசியது நன்றாயிருந்தது என்பதும் மட்டும் மிஞ்சும்.

பாதிரியார் டெரிக், இதில் ஏதும் தவறு இருக்குமோ என்று பார்க்கவந்து, முதலில் அரைக் கிளாஸ், பிறகு முழுக் கிளாஸ் என்று பரிசோதித்தார். பிறகு, "பரிசுத்த ஆவியானவர் வாறதெண்டால் காத்தோடையும் நெருப்போடையும்தான் வருவாரெண்டு நினைச்சிருந்தனான். நுரையோடை வருவாரெண்டு நினைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு, தன் கதிரையைக் கணப்புக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை எங்கே போடுவது என்று பல காலமாக மரியாதையோடு இழுபட்டுக்கொண்டிருந்த ஊர்ச்சபை, கூட்டத்தைப் பப்பில் வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் "தங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனால்" என்று தொடங்கும் மனிதர்கள் தமிழில் "உமக்கென்ன விசரே?" என்று தொடங்கியதால் விஷயம் ஒரே இருப்பில் தீர்ந்தது. ஆனால் பாலத்தைத் தாண்டியதும், தீர்ந்தது என்பது நினைவிருந்ததே தவிர, எங்கே போடுவதாகத் தீர்ந்தது என்பது ஒருவருக்கும் நினைவில்லை. பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி பட்டணத்திலிருந்து வந்து, குடித்து, கேட்டு, எல்லாவற்றையும் கைபேசியில் பதிவு செய்துகொண்டு போனாள். தன் குரலிலேயே தனக்கு விளங்காத பேச்சு ஓடுவதைப் பத்திரிகைக் கந்தோரில் கேட்டுவிட்டு, அந்த வாரம் வெள்ளத்தைப் பற்றி எழுதினாள்.

மனைவிமார் முதலில் முறைப்பாடு செய்தார்கள். பிறகு தாங்களும் வந்தார்கள். ஊர் இப்படித்தான் எதையும் ஏற்றுக்கொள்ளும். வழியில் ஒரு மரம் விழுந்தால் சுற்றிப் போகப் பழகுவது போல.

பப்புக்கு மேல் மாடியில் அருளம்பலத்தின் மனைவி மங்கையர்க்கரசி இருந்தாள். அவள் கீழே வருவதில்லை. பெட்ரோல் செட்டில் காசு வாங்கிய காலத்தில், அவள் சொன்ன ஒரு சொல்லை ஒரு வாடிக்கையாளன் தன் நண்பனுக்குத் திரும்பச் சொல்லிக்காட்டி, இருவரும் குனிந்து குனிந்து சிரித்தார்கள். அன்றோடு ஆங்கிலத்தை வாயிலிருந்து எடுத்துவைத்துவிட்டாள். அது பெரிய குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் டொரொன்டோவில் அவளுடைய அக்கா இருந்தாள். அக்காவோடு தினமும் தொலைபேசியில் கறியில் தொடங்கி, செத்துப்போனவர்களின் குணத்தில் முடியும் பேச்சு இருந்தது. அக்கா போய்ச் சேர்ந்த பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அருளம்பலத்துக்கும் அவளுக்கும் இடையில் இருந்த பேச்சு "சாப்பிட்டீரே", "கதவைப் பூட்டினீங்களே" என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. பிள்ளைகளின் பிள்ளைகள் கைபேசித் திரையில் கையசைப்பார்கள். அவளும் அசைப்பாள்.

ஒரு பின்னேரம் பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழிருந்து தமிழ் கேட்டபோது, புருசன் சொந்த ஊர்ச் சனங்கள் யாரையோ வரவழைத்துவிட்டுத் தனக்குச் சொல்லாமல் இருக்கிறார் என்று நினைத்து, சேலைக்கு மேல் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கி வந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆக்கள் வந்திருக்கினம் எண்டு ஒரு சொல் சொல்லக் கூடாதே? ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்காமல்..."

அறை முழுக்க வெள்ளைக்காரர். அவள் படியிலேயே நின்றுவிட்டாள். வில்ஃப் பக்கத்துக் கதிரையிலிருந்த தன் தொப்பியை எடுத்து இடம் விட்டார்.

"வா பிள்ளை, இரு. தேத்தண்ணி ஒண்டும் வேண்டாம், எங்களுக்கு இது காணும்."

மங்கையர்க்கரசி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கள் எந்த ஊர் அண்ணை?" என்று கேட்டாள்.

"நானோ? இந்த ஊர்தான். பாலத்துக்கு அங்காலை, ரெண்டாம் ஒழுங்கை."

அவள் சிரித்தாள். அருளம்பலம் கைப்பம்பை இழுத்த நிலையில் அப்படியே நிற்க, கிளாஸ் நிரம்பி ஏல் அவர் கையில் வழிந்தது. அந்தச் சிரிப்பை அவர் கடைசியாக எப்போது கேட்டார் என்று யோசித்துப் பார்த்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

அடுத்த நாளிலிருந்து அவள் பின்னேரம் தோறும் இறங்கி வந்தாள். வெறுங்கையோடு வராமல் கடலைவடை சுட்டுக்கொண்டு வந்தாள். ஏலின் கசப்பும் வடையின் மிளகாய் உறைப்பும் வாய்க்குள் ஒன்றையொன்று அணைத்து, மெல்ல மெல்ல ஒன்றையொன்று தணிப்பதைக் கண்டுபிடித்த மொரீன், இத்தனை காலம் உப்புக் கடலையோடு வாழ்ந்தது வீண் என்று அறிவித்தாள். மங்கையர்க்கரசி வடை சுடுவதைப் பற்றி மொரீனோடு வாதாடினாள். பாதிரியாரிடம் உங்கள் சாமி ஏன் மனைவி இல்லாமல் இருக்கிறார் என்று கேட்டாள். ஒருநாள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, புருசனின் கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு சுளிப்பு மெல்லக் குறைந்தது.

"கைக்குது," என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனா பிறகு இனிக்குது. இவ்வளவு காலமும் இதையே கீழை வைச்சு வித்தனீங்கள்?"

"நீர் கேக்கேல்லையே" என்றார் அருளம்பலம்.

"நீங்கள் சொல்லேல்லை."

ஒரு பின்னேரம் மழை பலமாக இருந்தது. பாதிப்பேர் வரவில்லை. வில்ஃப் இரண்டாவது கிளாஸில் இருந்தார். மங்கையர்க்கரசி எதிரே இருந்து அவருடைய மனைவியைப் பற்றிக் கேட்டாள், ஊரில் புதிதாகப் பழகிய ஒருவரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். வில்ஃப் கிளாஸை மேசையில் வைத்தார்.

"எட்னா கடைசி வருசம் என்னை மறந்துபோனாள் பிள்ளை. மற்றதெல்லாம் ஞாபகம் இருந்தது. சின்ன வயசிலை வளத்த பூனையின்ரை பேர்கூட. தனக்கு ஒரு புருசன் இருக்கிறான், பஸ் ஓடப் போயிட்டான் எண்டதும் தெரியும். அந்தப் புருசன் நான்தான் எண்டது மட்டும் தெரியேல்லை. நான் ஒவ்வொரு பின்னேரமும் போய்ப் பக்கத்திலை இருப்பன். 'நீங்கள் ஆர்?' எண்டு கேப்பாள். 'வில்ஃப்' எண்டுவன். 'என்ரை மனுசன்ரை பேரும் வில்ஃப்தான், ஆனா அவர் உங்களைப்போலை கதைக்கமாட்டார்' எண்டுவாள்."

"பிறகு?"

"ஆசுப்பத்திரியிலை தேத்தண்ணியோடை இஞ்சி பிஸ்கற் குடுப்பினம். ஒண்டை எனக்கெண்டு தலையணைக்குக் கீழை வைச்சிருப்பாள். நான் வாற நேரம் பாத்துத் தலை வாரி இழுத்துவிடச் சொல்லுவாளாம், நீலச் சட்டை போடச் சொல்லுவாளாம். நேர்ஸ்மார் சொன்னவை. பிள்ளை, கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை அவள் என்னைப் பாத்து அப்பிடிச் சிரிக்கேல்லை. நானும் அப்பிடி இருந்து கதைக்கேல்லை. காலமை பஸ், பின்னேரம் பஸ், வந்தால் சாப்பாடு, நித்திரை. ஒருநாள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, 'நாளைக்கும் வாங்கோ. ஆனா என்ரை மனுசனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம் அவர்' எண்டாள். நான் சொல்லமாட்டன் எண்டன். அடுத்தநாள் போனால் கட்டில் வெறுமையாய்க் கிடக்குது."

பீப்பாயிலிருந்து வரும் குழாயில் காற்றுக் குமிழ் ஒன்று உடைந்தது. அருளம்பலம் முதுகைக் காட்டி நின்று, ஏற்கனவே கழுவிய கிளாஸை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

"செத்தவீட்டுக்கு வந்த சனம் எல்லாம், மனுசி செத்துப்போட்டாளே எண்டு கையைப் பிடிச்சினம். நான் மனுசிக்கு அழேல்லைப் பிள்ளை. என்னிலை ஆசையாய் இருந்த ஒருத்தி போயிட்டாள், அவளுக்கு அழுதனான். இதை ஆருக்குச் சொல்லுறது? இங்கிலீசிலை இதைச் சொல்ல எனக்கு வாயில்லை."

மங்கையர்க்கரசி வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்கோ அண்ணை, ஆறப்போகுது" என்றாள். அவர் ஒன்றை எடுத்துப் பிய்த்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் அக்காவைப் பற்றிச் சொன்னாள். அக்கா செத்த பிறகும் அந்த நம்பருக்குப் பல மாதம் எடுத்து, அக்காவின் குரலில் பதிந்திருந்த 'இப்ப வீட்டிலை இல்லை' என்பதைக் கேட்டுவிட்டு வைப்பதையும், பிறகு ஒருநாள் அந்த நம்பரில் யாரோ ஒரு சீனன் 'ஹலோ' என்றதையும் சொன்னாள். அருளம்பலத்துக்கு இது தெரியாது. ஒரே வீட்டில், ஒரே தொலைபேசியில் நடந்தது. கிளாஸ் அவர் கையில் சவர்க்காரத்தோடு வழுக்கிக்கொண்டே இருந்தது.

அன்று வில்ஃப் வீட்டுக்குப் போய், பல காலத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினார் என்று மொரீன் அடுத்த நாள் சொன்னாள். காலையில் தபால் கொண்டுபோனபோது அவர் வீட்டுத் திரைச்சீலை இன்னும் மூடியிருந்ததாம்.

உயிருள்ள ஏலைத் திறந்துவிட்டால் அதற்கு ஆயுள் சில நாள்தான். குடித்தால் தீரும், குடிக்காவிட்டால் புளிக்கும். இதை அருளம்பலம் முதல் நாளிலிருந்தே அறிந்திருந்தார். அறிந்ததை ஒருவருக்கும் சொல்லாமல் நிலவறையில் அதற்கு நனைந்த சாக்குப் போட்டார், முளையை இறுக்கினார், பீப்பாயைத் தொடாமல் பூனைபோல நடந்தார். மதுச்சாலைக்குத் தொலைபேசி எடுத்து, அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார். அனுப்பினார்கள். நல்ல ஏல். தெளிவாக, கசப்பும் இனிப்பும் சரியாக வந்த ஏல். மொரீன் அதில் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மழையைப் பற்றி ஆங்கிலத்தில் குறை சொன்னாள். இன்னொன்று அனுப்பினார்கள், அதிலும் ஆங்கிலந்தான் வந்தது. லொறிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதே பார்லி, கசப்புக்கு அதே ஹொப் பூ, அதே ஈஸ்ட், வேறென்ன செய்ய முடியும் என்று அவர் கேட்டார்.

பிறகு ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஆளுக்கு அரைக் கிளாஸ் என்று தாங்களே விதித்துக்கொண்டார்கள். சந்தைத் தமிழோடு திருப்திப்பட்டார்கள். வில்ஃபுக்கு மட்டும் முழுக் கிளாஸ் கொடுக்கும்படி, ஒருவரும் கேட்காமலேயே, எல்லோரும் அருளம்பலத்தைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஆனாலும் ஒரு காலையில் பம்பை இழுத்தபோது வந்த நுரை சீக்கிரம் விழுந்தது. பச்சை அப்பிள் மணம் வந்தது. அருளம்பலம் மணந்து பார்த்துவிட்டு, சாவுத் தகவல் வந்த வீட்டுக்காரனைப்போல் ஒரு கதிரையில் உட்கார்ந்தார்.

ஏல் புளிக்கப் புளிக்க அவர்கள் தமிழும் கெட்டது. முதலில் மரியாதை போனது. மொரீன் பாதிரியாரைப் பார்த்து "டேய்" என்றாள், சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நாள் நடந்து முடிந்தவற்றைச் சொல்லும் சொற்கள் போயின. எட்னா இனிமேல்தான் சாகப்போகிறாள் என்பதுபோல் வில்ஃப் பேசினார். அதை மங்கையர்க்கரசி திருத்தவில்லை. அதற்கும் அடுத்த நாள் வினைச்சொற்களே போய்விட, ஆட்கள் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, குழந்தைகள் படம் பார்த்துச் சொல்வதைப்போல, "மழை", "வீடு", "கால்", "பசி" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டார்கள். அதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. ஒருவர் "மழை" என்றால் மற்றவர்கள் யன்னலைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

வில்ஃப் கடைசிவரை குடித்தார். காடியாகிப்போனதை, கண்ணில் நீர் வர, மூக்கைச் சுருக்கிக்கொண்டு குடித்தார். மங்கையர்க்கரசி கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"காணும் அண்ணை. வயித்துக்குக் கூடாது."

வில்ஃப் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "பிள்ளை" என்றார். அதற்கு மேல் அவரிடம் சொல் இருக்கவில்லை. அதுதான் அந்தப் பீப்பாயிலிருந்து வந்த கடைசிச் சொல்.

அருளம்பலம் மிச்சத்தை ஆற்றில் கொட்டினார். கொட்டுமுன் கொஞ்சம் வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. ஒரு போத்தலைத் தேடி எடுத்தார். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டார்.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. டார்ட்ஸ் தொடர்ந்தது. பஸ் தரிப்பிடக் கூரையைப் பற்றி மரியாதையான கூட்டங்கள் மறுபடி தொடங்கின. மங்கையர்க்கரசி சில நாள் மாடியிலேயே இருந்தாள். பிறகு ஒரு பின்னேரம், ஏன் என்று கேட்க அருளம்பலத்துக்குத் துணிவு வராதிருக்க, அவள் வடையோடு இறங்கி வந்து வில்ஃபுக்கு எதிரே உட்கார்ந்தாள். வில்ஃப் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். அவள் தலையசைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். புதிய பீப்பாய் நன்றாக இருந்தது, உண்மையில் முந்தையதைவிடவும் தெளிவு. வில்ஃப் அதை ஒவ்வொரு மிடறாகத் தள்ளிப்போட்டுக் குடித்தார்.

பாதிக் கிளாஸில் அவர் அருளம்பலத்தைக் கூப்பிட்டார்.

"நான் அன்றைக்கு உன் மனைவியிடம் எதையோ சொன்னேன்" என்றார் ஆங்கிலத்தில். "எட்னாவைப் பற்றி. சொன்னது நினைவிருக்கிறது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அதைச் சொன்ன பிறகு நான் நன்றாகத் தூங்கினேன். இப்போது மறுபடி தூக்கம் வருவதில்லை. நான் என்ன சொன்னேன் என்று அவளிடம் கேட்டுச் சொல்வாயா?"

"உங்களுக்குத் தெரிந்த விஷயந்தானே, வில்ஃப்."

"நடந்தது தெரியும். அதை எப்படிச் சொன்னேன் என்றுதான் தெரியவில்லை."

அருளம்பலம் கேட்டார். மங்கையர்க்கரசி கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னாள். அவள் நிறுத்திய இடங்களில் அருளம்பலம் ஆங்கிலத்தில் சொன்னார். அவருடைய ஆங்கிலம் பீப்பாய்களுக்கும் விலைக்கும் வானிலைக்கும் போதுமானது, வரிக்காரரோடு வாதாடக்கூடப் போதுமானது. பூனையைச் சொன்னார். நீலச் சட்டையைச் சொன்னார். மனுசனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ என்ற இடம் வந்தது. அந்தப் 'பாவம் அவர்' என்பதை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அதில் இரக்கம் இருந்தது, கொஞ்சம் கள்ளம் இருந்தது, பழகிப்போன ஒருவரை விட்டுவிட முடியாத அலுப்பும் இருந்தது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றிலும் இவற்றில் ஒன்றுதான் இருந்தது.

"கடைசியில் அவள் சந்தோசமாக இருந்தாள்" என்றார் அருளம்பலம்.

வில்ஃப் காத்திருந்தார். "அவ்வளவுதானா?"

"தமிழில் இன்னும் நீளம்."

"நீளமாகத்தான் இருந்திருக்கும்" என்றார் வில்ஃப்.

மங்கையர்க்கரசி இருவர் முகத்தையும் பார்த்தாள். "சொல்லிட்டீங்களே?"

"சொன்னனான்."

"சொன்னால் அவர் இப்பிடி இருக்கமாட்டார்."

அருளம்பலம் மறுபடி முயன்றார். வேறு சொல்லில், பிறகு இன்னொரு சொல்லில், கையையும் சேர்த்துக்கொண்டு. வில்ஃப் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதில்லை என்று தலையசைத்தார். கடைசியில் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "பரவாயில்லை. அவளையே சொல்லச் சொல்லு. அவள் பாஷையில்."

"உங்களுக்கு விளங்காதே."

"விளங்காது. சொல்லட்டும்."

அவள் முதலிலிருந்து தொடங்கினாள். அவசரப்படாமல், சொந்த ஊரில் ஒரு மாமாவுக்குச் சொல்வது போல, எட்னா கடைசி வருசம் உங்களை மறந்துபோனா அண்ணை, என்று தொடங்கினாள். வில்ஃப் கிளாஸை இரு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் வாயையே பார்த்திருந்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. எட்னா என்ற பெயர் வரும்போது மட்டும் கண் இமைத்தார். அவள் ஆசுப்பத்திரித் தேத்தண்ணியைச் சொன்னாள், இஞ்சி பிஸ்கற்றைச் சொன்னாள். அழ வேண்டிய இடம் இன்னும் வரவேயில்லை. அதற்கு முன்பே வில்ஃப் அழுதார். தோள்கள் குலுங்க, சத்தமில்லாமல், பிஸ்கற்றுக்கு அழுதார்.

மங்கையர்க்கரசி பேச்சை நிறுத்தி, அவர் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சொன்னாள்.